அவ்வெண்ணிலவும் இவ்வெண்ணிலவும்

வணக்கம் ஐயா,

ஆறு முதல் எட்டு வரை தமிழ் எடுக்கிறேன். கதை என்றால் நிமிர்ந்து உட்காரும் பிள்ளைகள் செய்யுள் என்றதும் சோர்ந்துவிடுகிறார்கள். பொருளைச் சொல்லிவிட்டுப் பாடலுக்குப் போவதா, பாடலை வாசித்துவிட்டுப் பொருளா? படம், காணொளி உதவுமா? ஆளுக்கொரு விளக்கம் சொன்னால் எல்லாவற்றையும் ஏற்கலாமா? புறநானூற்றில், பறம்புமலைத் தலைவன் பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய ‘அற்றைத் திங்கள்’ நடத்தினேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், ‘அவர்களுக்கு நிலாமேல் கோபம்’ என்று எழுதியிருந்தான். தவறு என்று கோடு போட்டேன். இந்த வயதில் கவிதையை உணரும் பக்குவம் இருக்குமா என்றே ஐயமாக இருக்கிறது.

ஒரு தமிழாசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

படம், காணொளி எல்லாம் இருந்தால் காட்டுங்கள்; இல்லாவிட்டாலும் குறைவில்லை. பாடலை முதலில் வாசியுங்கள். உரக்க, இரண்டு முறை. பொருள் பிறகு வரட்டும்.

பக்குவம் இல்லை என்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இழப்பு தெரியாதா? உயிர்த்தோழன் பள்ளி மாறிப் போன மறுநாள் அந்த வெற்று இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நீங்கள் கண்டதே இல்லையா? அவர்களிடம் இல்லாதது பழைய சொற்களின் பழக்கம் மட்டும்தான். அதைக் கொடுப்பது உங்கள் வேலை. உணர்வை நீங்கள் ஊட்ட வேண்டியதில்லை.

நீங்கள் சொன்ன பாடல் கொஞ்ச நாளாகவே என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

போன மாதம் அந்த நிலவில் அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது; இந்த மாதம் இந்த நிலவில் வேந்தர்கள் குன்றைக் கொண்டார்கள், அப்பாவும் இல்லை. ஐந்தே அடி. அழுகை, துயரம், கண்ணீர் என்று ஒரு சொல் கிடையாது. உவமைகூட இல்லை. சுட்டெழுத்து நடத்தியிருப்பீர்கள்: ‘அ’ சேய்மை, ‘இ’ அண்மை. பிள்ளைகளும் ‘அவன், இவன்’ என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். அந்த இரண்டு எழுத்தில்தான் இந்தப் பாடலே நிற்கிறது. அற்றை, இற்றை. அவ்வெண்ணிலவு, இவ்வெண்ணிலவு. நிலா ஒன்றுதான்; இடையில் போனது ஒரு மாதம்தான். ஆனால் அப்பா இருந்த இரவு ‘அந்த’ என்று சுட்டும் தொலைவுக்குப் போய்விட்டது. இலக்கணத்தை ஒரு பாடவேளையில் வைக்கிறோம், செய்யுளை இன்னொன்றில் வைக்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே ஆண்டு முடிந்துவிடுகிறது. சுட்டெழுத்துப் பாடத்தை இந்தப் பாடலை வைத்தே தொடங்கிப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாம் அடியில் தந்தை முதலில், குன்று பிறகு. கடைசி அடியில் குன்று முதலில், தந்தை பிறகு. ஏன் மாறியது? ஏழாம் வகுப்பில் நான் இதைக் கேட்டேன். அப்பா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. “அதெல்லாம் தேர்வுக்கு வராது, உட்கார்ந்து பொழிப்புரையை எழுது” என்றார் ஆசிரியர். எழுதினேன். அன்று இரவு அம்மாவுக்குப் பாடலை வாசித்துக் காட்டினேன். அம்மா பொருள் கேட்கவில்லை. கடைசி அடியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

எல்லா விளக்கத்தையும் ஏற்கக் கூடாது. ‘எந்தச் சொல்லைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?’ என்று கேளுங்கள். காட்ட முடியாத பிள்ளையைத் திட்டாமல் மறுபடி பாடலுக்கே அனுப்புங்கள்.

அந்த மாணவனிடம் இதை நீங்கள் கேட்கவில்லை. ‘கையறுநிலை’ (இறந்தவரை எண்ணி இரங்குவது) என்று துறையின் பெயரை மனப்பாடமாக எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பீர்கள். ஊரும் தகப்பனும் போன பிறகும், ஒன்றுமே நடக்காததுபோல அதே வெள்ளையாக வந்து நிற்கும் நிலாவைப் பார்த்தால் கோபம் வராதா? அவன் ‘வெண்’ என்ற சொல்லைக் காட்டுவான் என்று நினைக்கிறேன். கூப்பிட்டுக் கேளுங்கள். காட்டினால், அந்தச் சிவப்புக் கோட்டை அவன் கண்முன்னால் அடித்துவிட்டு மதிப்பெண் போடுங்கள். வேறு சொல்லைக் காட்டினால் எனக்கும் எழுதுங்கள்.