டர்னிப் விளக்கும் சூனியக்காரித் தொப்பியும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் எடின்பரோவில் வசிக்கிறோம். என் மகளுக்கு ஒன்பது வயது. வருகிற ஹாலோவீனுக்குச் சூனியக்காரி வேடம் போட வேண்டும், கூம்புத் தொப்பியும் துடைப்பமும் வாங்கித் தா என்று அடம்பிடிக்கிறாள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், பெண் குழந்தைக்கு அந்த வேடம் ஆகாது என்கிறார். அதெல்லாம் படிப்பறிவில்லாத காலத்து மூடநம்பிக்கை, இன்றைக்கு வெறும் விளையாட்டு என்பது என் கணவரின் வாதம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஆர்., எடின்பரோ

அன்புள்ள ஆர்.,

உங்கள் கணவர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லாத சொல் ஒன்று இருக்கிறது: படிப்பறிவில்லாத காலம். நீங்கள் வசிக்கும் ஊரைச் சுற்றி நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 இரவைப் பற்றி ஸ்காட்லாந்தின் எளிய மக்கள் வைத்திருந்த நம்பிக்கைகள் பெரும்பாலும் தீங்கற்றவை. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளை அது. மறுநாள் அனைத்துப் புனிதர் பெருவிழா, அதற்கடுத்த நாள் நம் ஊர்க் கிறிஸ்தவர்களும் மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள். இறந்தவர்கள் நெருங்கி வரும் இரவு என்பதால் குழந்தைகள் முகத்தை மறைத்து வேடமிட்டார்கள். டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்தார்கள். பூசணிக்காய் அமெரிக்காவில் சேர்ந்தது. இளம்பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்தில் கீரைத்தண்டைப் பிடுங்குவார்கள். தண்டு நேராக இருந்தால் வரப்போகும் கணவன் நிமிர்ந்தவன், வேரில் மண் ஒட்டியிருந்தால் வசதியானவன், குருத்து இனித்தால் இனிய குணத்தவன். காதலர் பெயர் வைத்து இரண்டு கொட்டைகளை நெருப்பிலிட்டு, அவை சேர்ந்து எரிகின்றனவா, துள்ளி விலகுகின்றனவா என்று பார்ப்பார்கள். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் வெளியிட்ட கவிதையில் இந்தக் கீரைத்தண்டும் கொட்டையும் இருக்கின்றன. சூனியக்காரிகள் நடமாடும் இரவு என்று அவரும் குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தப் பயத்துக்கு மக்கள் கண்ட மருந்து, ரோவன் மரக்குச்சியில் சிவப்பு நூல் கட்டித் தொழுவத்தில் செருகுவது. நம் வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவது போல. அதனால் யாரும் சாகவில்லை.

சாவு மேலிருந்து வந்தது. 1563இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சூனியத்துக்கு மரண தண்டனை விதித்துச் சட்டம் இயற்றியது. மன்னர் ஆறாம் ஜேம்ஸ் டென்மார்க் இளவரசியை மணந்து 1590இல் அழைத்து வந்தபோது, அந்தப் பயணத்தில் புயல்கள் குறுக்கிட்டன. புயலுக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது.

எடின்பரோவுக்குக் கிழக்கே ட்ரனென்ட் என்ற ஊரில் கெய்லிஸ் டங்கன் என்ற வேலைக்காரப் பெண் இருந்தாள். நோயாளிகளைக் குணப்படுத்துவாள், இரவில் வெளியே போய்வருவாள். எஜமானனுக்கு அது போதுமாக இருந்தது. அவளுடைய விரல்களை இடுக்கியில் நசுக்கினான், தலையில் கயிற்றைக் கட்டி முறுக்கினான். அவள் பெயர்களைச் சொன்னாள். அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவர் ஆக்னஸ் சாம்ப்சன், ஊரார் மதித்த முதிய மருத்துவச்சி. அவரை மன்னரே ஹோலிரூட் அரண்மனையில் விசாரித்தார். தலைமயிரை மழித்து, கயிற்றால் முறுக்கி, தூங்கவிடாமல் வதைத்த பிறகு வந்த வாக்குமூலம் இது: ஹாலோவீன் இரவில் இருநூறு பேர் ஆளுக்கொரு சல்லடையில் ஏறிக் கடலில் மிதந்து, மது அருந்திக்கொண்டு நார்த் பெரிக் தேவாலயத்துக்குப் போனார்கள், கெய்லிஸ் வாத்தியம் வாசிக்க எல்லோரும் ஆடினார்கள், சாத்தான் பிரசங்க மேடையில் நின்றான்.

அந்த வாத்தியம் நம் மோர்சிங்கின் உறவு. பல்லில் வைத்து விரலால் மீட்டுவது. மன்னர் கெய்லிஸை வரவழைத்துத் தன் முன்னால் அதை வாசிக்கச் சொன்னார் என்று 1591இல் அச்சான துண்டுநூல் சொல்கிறது. நசுக்கப்பட்ட விரல்களால் அவள் எப்படி வாசித்திருப்பாள் என்ற எண்ணம் எனக்கு வந்தபோது மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

1591 ஜனவரியில் ஆக்னஸின் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கெய்லிஸின் முறை வந்தது. பிறர்மீது தான் சொன்னவை பொய், சொல்லவைக்கப்பட்டவை என்று கொலைக்களத்தில் நின்று சொல்லிவிட்டு இறந்தாள். விசாரித்த மன்னரோ சிறுவயதிலேயே லத்தீனும் கிரேக்கமும் கற்றவர். 1597இல் பேய்களையும் சூனியத்தையும் பற்றி ஒரு நூலே எழுதினார். எழுத்தறியாத பெண்கள் கீரைத்தண்டைப் பிடுங்கிய அந்த இரவைக் குற்றப் பத்திரிகையில் ஏற்றியவர்கள் படித்தவர்கள். 1736இல் அந்தச் சட்டம் நீங்கும்வரை குற்றஞ்சாட்டப்பட்டோர் என எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்திருப்பது 3,837 பேரை. ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பெண்கள்.

எடின்பரோ கோட்டையின் முன்திடலில், சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்டவர்களின் நினைவாகச் சுவரில் பதித்த ஒரு சிறு கிணற்றுச் சின்னம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 1894இல் அதை அமைக்கச் செய்தவர் பாட்ரிக் கெடிஸ். பின்னாளில் சென்னை மாகாணத்துக்கு வந்து மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் நகரமைப்பு அறிக்கை எழுதினாரே, அவரேதான். நான் பெரிதும் மதிக்கும் மனிதர். ஆனால் அங்குள்ள வாசகம், எரிக்கப்பட்டவர்களில் சிலர் தங்கள் அறிவைத் தீமைக்குப் பயன்படுத்தினார்கள் என்கிறது. நினைவுச் சின்னத்திலும்கூட அந்தப் பெண்களை முழுதாக விடுவிக்க மனம் வரவில்லை. ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் அரசின் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2022 மார்ச் 8 அன்றுதான்.

உங்கள் மாமியார் காரணம் சொல்லவில்லை, ஆனால் அவருடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன். சூனியக்காரி என்ற பெயர் ஒரு பெண்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பது நம் ஊர்களில் வாழ்ந்த மூத்த பெண்களுக்குத் தெரியாததல்ல.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தத் தொப்பியை வாங்க மாட்டேன். கொண்டாட்டத்தையும் தடுக்க மாட்டேன். ஒரு டர்னிப் வாங்கிக் குடைந்து கொடுங்கள்; பூசணியைவிடக் கடினம், மாமியாரின் கையும் தேவைப்படும். ஸ்காட்லாந்து வழக்கப்படி வேடமிட்ட குழந்தை வாசலில் ஒரு பாட்டோ விடுகதையோ சொல்லித்தான் ஆப்பிளும் கொட்டையும் வாங்க வேண்டும். மாமியாரிடம் கட்டாயம் பத்து விடுகதைகளாவது இருக்கும். வேடத்துக்கு, மூலிகைக் கூடை ஏந்திய மருத்துவச்சி போதும். ஏன் அந்த வேடம் என்று கேட்டால் ஆக்னஸின் கதையை வயதுக்கேற்றபடி சொல்லுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை நார்த் பெரிக்குக்கு அழைத்துப் போங்கள், ரயிலில் அரை மணி நேரம்தான். துறைமுகத்தை ஒட்டி அந்தப் பழைய தேவாலயத்தின் வெள்ளையடித்த முகப்பு மட்டும் மிஞ்சி நிற்கிறது. எதிரே கடல். ஒரு சல்லடையையும் எடுத்துப் போங்கள். அது மிதக்கிறதா என்று அவளே பார்க்கட்டும்.