எனாமல் பூச்சு

அன்புள்ள ஐயா,

புறநகரில் கழிந்த தங்கள் பிள்ளைப்பருவத்தை வரைந்த அமெரிக்க ஓவியர் எரிக் ஃபிஷல், ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஷா இருவரின் ஓவியங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் காரைக்குடிக்கு வெளியே, மனை போட்டு உருவான நகர் ஒன்றில் வளர்ந்தவள். அந்த ஆண்டுகளின் இருட்டை வரைய விரும்புகிறேன். வீட்டுச் சங்கதியைத் தெருவுக்குக் கொண்டுபோகிறாய் என்று ஆத்தா வருந்துகிறார்கள். தவறா?

வாசகி, காரைக்குடி

அன்புள்ள வாசகிக்கு,

தவறில்லை. ஆனால் ஆத்தாவின் வருத்தத்தை ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் வரைய வேண்டியது அதற்குள்தான் இருக்கிறது.

1948இல் பிறந்த ஃபிஷல், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், தாயின் குடிப்பழக்கத்தை அக்கம்பக்கம் அறியாமல் மறைத்துவந்த குடும்பத்தில் வளர்ந்தவர். அவர் மனிதர்களையே நேராக வரைந்தார். அந்தத் துணிவை மதிக்கிறேன் என்றாலும் உங்களுக்கு நான் சொல்வது ஷாவின் வழியைத்தான்.

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரின் ஓரத்தில், போருக்குப் பின் நகராட்சி கட்டிய டைல் ஹில் குடியிருப்பில் வளர்ந்த ஷா, 1990களிலிருந்து அந்த ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறார். பூட்டிய கார் கொட்டகைகள், மழைநீர் தேங்கிய பாதை, மரங்களுக்குள் நுழைந்து மறையும் ஒற்றையடித் தடம் எல்லாம் உண்டு. ஆள் மட்டும் இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள் என்ற அச்சம் பார்ப்பவருக்கு அதனாலேயே வருகிறது. சிறுவர்கள் பொம்மை விமானங்களுக்குப் பூசும் ஹம்ப்ரால் எனாமல் பெயிண்டால் அவர் வரைகிறார் என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் பிள்ளைப்பருவத்தின் சாயத்தாலேயே பிள்ளைப்பருவத்தை வரையும்போது, அந்த மினுமினுப்பு மேலே அழகாகவும் அடியில் எதையோ மூடுவதாகவும் ஒரே நேரத்தில் தெரிகிறது.

அதை நான் சிறுவயதிலேயே அறிந்திருந்தேன். எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும். வெயில் நாளில் அதன் குளிர்ச்சிக்காகக் கன்னத்தை ஒட்டி நிற்பேன். ஒரு பிற்பகலில், புகுந்த வீட்டிலிருந்து திரும்பிவந்திருந்த அத்தை மறுபக்க அறையில் விம்முவது அந்தச் சுவர்வழியே கேட்டது. மாலையில் அவர்கள் பூ வைத்துக்கொண்டு வந்து எனக்குப் பணியாரம் வைத்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று அந்த அறையைப் பங்காளிகள் பூட்டிவைத்திருக்கிறார்கள். என் கன்னம் பட்ட உயரத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கறுத்துக் கிடக்கிறது. நான் வரையத் தெரிந்தவனாக இருந்தால் அத்தையை வரைய மாட்டேன், அந்தக் கறையை வரைவேன்.

உங்கள் நகரிலும் மனைக்கல் இருக்கும், சீமைக்கருவேல் மூடிய காலிமனை இருக்கும், பாதியில் நின்ற வீடு இருக்கும். எந்த இடத்தைக் கடக்கும்போது நடையை வேகப்படுத்தினீர்களோ, அங்கிருந்து தொடங்குங்கள். படத்தை முதலில் ஆத்தாவிடம் காட்டி, அவர்கள் எந்த இடத்தில் விரலை வைக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.