ஜெனரல் ஸ்டாஃப் வேலைக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது

உயர்தரம் எழுதிய மகன், "ஆமியில் ஜெனரல் ஸ்டாஃப் என்பது ஒபிஸ் வேலைதான், பயப்படாதீங்க அம்மா" என்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதில் பாதிதான் சரி.

ஜெனரல் ஸ்டாஃப் என்பது தளபதிக்காகத் திட்டமிடும் பதவிநிலை அதிகாரிகள். அதற்கென்று நேரடியாக ஆள் எடுப்பதில்லை. இரத்மலானை கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் வழியாகவோ நேரே தியத்தலாவ இராணுவக் கல்லூரி வழியாகவோ முதலில் அதிகாரியாக வேண்டும். பிறகு முப்பது பேர் அளவிலான பிளட்டூன், அடுத்து சில பிளட்டூன்கள் சேர்ந்த கம்பனி என்று களத்தில் ஆட்களை நடத்த வேண்டும். மேஜர் நிலைக்கு வந்தபின்தான், தெரிவானால், சப்புகஸ்கந்த பதவிநிலைக் கல்லூரியில் ஏறத்தாழ ஒரு வருடப் பயிற்சி. அந்தக் களவருடங்களுக்கு மகன் தயாரா என்பதை முதலில் கேளுங்கள்.

முடிவு எடுப்பவர் தளபதி. அந்த முடிவை நடக்கக்கூடிய கட்டளையாக்குவது பதவிநிலை அதிகாரிகளின் வேலை. பழைய பிரித்தானிய வழக்கில் நடவடிக்கை, புலனாய்வு, பயிற்சி ஒரு கிளை. ஆளணி, ஒழுக்கம் இன்னொன்று. உணவு, எரிபொருள், வாகனம், தங்குமிடம் மூன்றாவது. கட்டளை ஐந்து பந்தியில் வரும்: நிலைமை, பணி, நிறைவேற்றும் விதம், வழங்கல், தொடர்பாடல்.

பிசகுவது பெரும்பாலும் நேரத்தில்தான். புறப்பட 12 மணித்தியாலம் இருந்தால் தலைமையகம் 4 மணித்தியாலத்தில் முடித்து, மீதி 8ஐக் கீழுள்ள பிரிவுகளுக்குக் கொடுக்க வேண்டும். திட்டத்தை அழகாக்கிக்கொண்டே 9 மணித்தியாலம் போனால், பிளட்டூன் அதிகாரிக்கு நிலத்தைப் பார்க்கவே நேரமிராது. அடுத்த பிழை, வழங்கல் அதிகாரியைக் கடைசியில் கூப்பிடுவது. 600 பேருக்கு ஆளுக்கு 5 லீற்றர் குடிதண்ணீர் என்றாலே ஒரு நாளைக்கு 3,000 லீற்றர். பவுசர் போகப் பாதை இல்லையென்றால் திட்டமே இல்லை. 1806இல் ஜேனா போரில் நெப்போலியனிடம் தோற்ற ஜெர்மன் அரசான பிரஷ்யா, ஜெனரல் ஸ்டாஃப் அமைப்பை வளர்த்தெடுத்தது. 1919 வெர்சாய் உடன்படிக்கை, முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் ஜெனரல் ஸ்டாஃபைக் கலைக்கச் சொன்னது. வெறும் ஒபிஸ் வேலைக்கு யாரும் தடை போடமாட்டார்கள்.

வீட்டிலேயே ஒரு பரீட்சை வையுங்கள். நாற்பது பேரை வெள்ளவத்தையிலிருந்து நுவரெலியா கூட்டிப்போகும் திட்டத்தை ஒரே பக்கத்தில், ஆங்கிலத்தில் எழுதட்டும்: நேரம், வாகனம், சாப்பாடு, யார் பொறுப்பு, பஸ் பழுதானால் என்ன. பேசும் சிங்களமும் வேண்டும். சிப்பாய்களோடு அதில்தான் வேலை.

கையெழுத்திடுமுன் சேவைப் பிணை ஒப்பந்தத்தை வரிக்கு வரி வாசியுங்கள், இடையில் விலகினால் கட்டவேண்டிய தொகை உட்பட. சீருடையைவிடத் திட்டமிடல்தான் மகனுக்குப் பிடித்தது என்றால், மொரட்டுவப் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து, வழங்கல் துறைப் பட்டத்துக்கான வெட்டுப்புள்ளியையும் இப்போதே பாருங்கள்.