மாமனாரின் அறைக்கு ஏர் பியூரிஃபையர்: எதை வாங்குவது, எப்படி ஓட்டுவது?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டை ஒட்டிய மாடி வீடு அவர்களுடையது. 70 வயதான மாமனாருக்கு நெடுநாளாக ஆஸ்துமா இருக்கிறது. இரவில் இருமலும் இழுப்பும் அதிகம். அவர் படுக்கும் அறை பன்னிரண்டுக்குப் பத்து அடி, அங்கே ஏ.சி. கிடையாது, கோடையில் ஏர் கூலர் ஓடுகிறது. கடையில் இரண்டு கருவிகளைக் காட்டினார்களாம். 7,000 ரூபாய்க்கு ஒன்று, ‘அயனித் தொழில்நுட்பம்’ கொண்டது. 14,000 ரூபாய்க்கு மற்றொன்று, ஹெப்பா வடிகட்டி உள்ளது, ‘500 சதுர அடி வரை’ என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. எதை வாங்குவது, கூடத்தில் வைப்பதா படுக்கையறையில் வைப்பதா, நாள் முழுவதும் ஓட வேண்டுமா, ஆம்பூரில் இருக்கும் தங்கையின் வீட்டுக்கு வரும் தோல் தொழிற்சாலை நெடிக்கும் இது உதவுமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்குத் தயக்கமின்றிப் பதில் சொல்லிவிடலாம்: அயனிக் கருவி வேண்டாம். அயனி, பிளாஸ்மா என்ற பெயர்களில் விற்கப்படும் கருவிகளில் பல, காற்றில் மின்னேற்றத்தைச் செலுத்தும்போது சிறிதளவு ஓசோனையும் உண்டாக்குகின்றன. ஜெராக்ஸ் இயந்திரம் ஓயாமல் ஓடும் சிறிய கடைக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறும் காரமான நெடி அதுவே. வானத்தின் உயரத்தில் நம்மைக் காக்கும் அந்த வாயு, மூச்சுக்குழாய்க்குள் போனால் எரிச்சலூட்டும். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயை அது மேலும் சுருக்கும். மேலும், மின்னேற்றம் பெற்ற தூசி பெரும்பாலும் சுவரிலும் படுக்கை விரிப்பிலும் ஒட்டிக்கொள்கிறதே தவிர அறையை விட்டுப் போவதில்லை. ஹெப்பா கருவியிலேயே அயனிப் பொத்தான் தனியாக இருந்தால், அதை அணைத்து வைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். புற ஊதா விளக்கு இருப்பதாகச் சொன்னால் அதற்காகவும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. காற்று அந்த விளக்கைக் கடக்கும் நொடிப்பொழுதில் கிருமிகள் முழுவதும் அழிந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஹெப்பா வடிகட்டி என்பது மிக நுண்ணிய இழைகளை நெருக்கமாகப் படியவைத்து, மடிப்பு மடிப்பாக அமைத்த தாள். அது சல்லடையைப் போலத் துளையின் அளவை மட்டும் நம்பி வேலை செய்வதில்லை. பெரிய துகள்கள் இழையில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகளால் அங்குமிங்கும் அலைக்கழிக்கப்பட்டு ஏதாவது ஓர் இழையில் சிக்கிவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள 0.3 மைக்ரான் அளவைப் பிடிப்பதுதான் கடினம் என்பதால், அந்த அளவில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கிறதா என்று சோதிக்கிறார்கள். டீசல் புகையிலும் ஊதுபத்திப் புகையிலும் இருக்கும் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களுக்கு இது தாராளமாகப் போதும். வடிகட்டியின் தரம் ‘எச் 13’ என்று குறிப்பிட்டிருந்தால் நல்லது. ‘ஹெப்பா மாதிரி’, ‘ஹெப்பா வகை’ என்று மழுப்பியிருந்தால் தவிர்த்துவிடுங்கள்.

ஆனால் வடிகட்டியின் தரம் பாதிக் கதைதான். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு காற்றைச் சுத்தம் செய்து வெளியே தள்ளுகிறது என்பதே கருவியின் உண்மையான பலம். அதைத்தான் சி.ஏ.டி.ஆர். என்ற எண் காட்டுகிறது. நம் ஊரில் விற்கும் கருவிகளில் பெரும்பாலும் மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று கொடுத்திருப்பார்கள். உங்கள் மாமனாரின் அறை பத்தடி உயரம் என்று கொண்டால் அதன் கொள்ளளவு 1,200 கன அடி, அதாவது ஏறத்தாழ 34 கன மீட்டர். மூச்சுத் தொல்லை உள்ளவரின் அறைக்காற்று மணிக்கு ஐந்து முறையாவது வடிகட்டி வழியே போய்வர வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 34-ஐ ஐந்தால் பெருக்கினால் 170 வருகிறது; அந்த அறைக்குத் தேவையான சி.ஏ.டி.ஆர். அதுவே.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அச்சிட்டிருக்கும் சி.ஏ.டி.ஆர். கருவியின் உச்ச வேகத்தில் அளந்தது, அந்த வேகத்தில் ஓடும் கருவியின் இரைச்சலில் வயதானவர் தூங்க முடியாது. இரவில் நடுத்தர வேகத்துக்குக் குறைத்தால் காற்றோட்டம் பாதியளவுக்கு இறங்கிவிடலாம். ஆகவே 170 தேவைப்படும் அறைக்கு 300 அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட சி.ஏ.டி.ஆர். உள்ள கருவியை வாங்கி நிதானமான வேகத்தில் ஓட்டுவதே சரி. ‘500 சதுர அடி’ என்ற வாசகத்தையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். பத்தடி உயரத்தில் 500 சதுர அடி என்றால் சுமார் 140 கன மீட்டர், 250 சி.ஏ.டி.ஆர். கொண்ட கருவி அங்கே உச்ச வேகத்தில் ஓடினாலும் மணிக்கு இரண்டு முறைகூடக் காற்றைச் சுற்றவைக்காது. கடைக்காரரிடம் சதுர அடியைக் கேட்காமல் சி.ஏ.டி.ஆர். எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண்ணைக் காட்ட முடியாத கருவியை வாங்காதீர்கள்.

கூடமா படுக்கையறையா என்ற கேள்விக்கு, படுக்கையறைதான். கூடத்தில் வாசற்கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கும், சமையலறைப் புகையும் வந்து சேரும். உங்கள் மாமனார் இரவில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் படுத்து மூச்சு விடுவதால், அந்த எட்டு மணி நேரக் காற்றைச் சுத்தமாக்குவதே பெரும்பயன் தரும். கருவியைக் கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ தள்ளிவிடாமல், சுவரிலிருந்து ஓரடியாவது விலக்கி வையுங்கள். அவர் படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கதவையும் சன்னலையும் சாத்தி உச்ச வேகத்தில் ஓடவிட்டு, படுத்ததும் வேகத்தைக் குறைத்துவிடலாம். மின்விசிறி ஓடுவதால் தீங்கில்லை; காற்று கலந்து கருவியை வந்தடைய அது உதவும். 50 வாட் கருவி பத்து மணி நேரம் ஓடினால் அரை யூனிட் மின்சாரம்தான் ஆகும், எனவே கட்டணத்தை நினைத்து அணைக்க வேண்டாம். பகலில் ஆளில்லாத அறையில் ஓடத் தேவையில்லை.

சன்னலைச் சாத்துவது என்று எழுதும்போதே வேலூர் வெயில் நினைவுக்கு வருகிறது. ஏர் கூலரும் பியூரிஃபையரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. கூலர் வெளிக்காற்றை இழுத்து ஈரமாக்கி அறைக்குள் தள்ளுகிறது. அந்தக் காற்று வெளியேற ஒரு சன்னல் திறந்திருந்தால்தான் அறை குளிரும். அப்படித் திறந்திருக்கும் அறையில் பியூரிஃபையர் ஓடினால், அது சுத்தம் செய்வதைவிட வேகமாகச் சாலைத் தூசி உள்ளே வந்துகொண்டிருக்கும். கூலரையும் நிறுத்திச் சன்னலையும் சாத்தினால், 40 பாகையைத் தாண்டும் சித்திரை, வைகாசி நாட்களில் 70 வயதானவருக்கு அந்த வெப்பமே பேராபத்தாகிவிடும். தூசிக்குப் பயந்து முதியவரை வெந்த அறையில் அடைத்துவைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டில் வேறொரு அறையில் ஏ.சி. இருந்தால், கோடை இரவுகளில் அவரை அங்கே படுக்கவைத்துக் கருவியையும் அங்கே மாற்றுங்கள். ஸ்பிளிட் ஏ.சி. அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விப்பது. அதில் உள்ள வலை பெரிய தூசியை மட்டுமே பிடிக்கும் என்பதால் பியூரிஃபையருக்கு அங்கே வேலை உண்டு. ஏ.சி. இல்லையென்றால் கோடை மாதங்களில் சாலைப்பக்கச் சன்னலை மட்டும் சாத்திவிட்டு, பின்பக்கச் சன்னலைத் திறந்து கூலரை ஓட்டுங்கள். கருவி அப்போது ஓய்வெடுக்கட்டும். ஐப்பசி முதல் மாசி வரை, சன்னலைச் சாத்தித் தூங்க முடிகிற குளிர் இருக்கும்போது அதை முழுமையாகப் பயன்படுத்துங்கள். நல்லவேளையாக, தீபாவளி வெடிப்புகையும் போகிப் புகையும் அந்த மாதங்களிலேயே வருகின்றன.

மூடிய அறையில் மூச்சுக்காற்றால் சேரும் கரியமில வாயுவைப் பியூரிஃபையர் நீக்காது, ஆக்சிஜனையும் சேர்க்காது. ஆகவே தினமும் சிறிது நேரம் அறையைத் திறந்துவிட வேண்டும். மார்கழி, தை அதிகாலைகளில் குளிர்ந்த காற்று தரையோடு தேங்கி, வண்டிப் புகையையும் குப்பை எரிக்கும் புகையையும் மேலெழவிடாமல் பிடித்துவைத்திருக்கும். அப்போது திறக்காமல், வெயில் ஏறிய பிறகு திறப்பது நல்லது. வேலூர் வசந்தபுரத்திலும் ராணிப்பேட்டை சிப்காட் வ.உ.சி. நகரிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத்தர அளவீட்டு நிலையங்கள் உள்ளன. அவற்றின் அளவை மத்திய வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் பார்த்து நேரத்தைத் தீர்மானிக்கலாம். நம் நாட்டு வரையறை 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் பி.எம். 2.5 வரை அனுமதிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ 15-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. ‘பரவாயில்லை’ என்று செயலி காட்டும் நாளிலும் ஆஸ்துமாக்காரர் இருமுவதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கருவி வாங்கும் முன்பே, செலவில்லாமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மாமனாரின் அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியேறும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வரை வெளியிடுவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. டெங்கு வரும் ஊரில் கொசுவை விட்டுவைக்கச் சொல்லவில்லை. சன்னலுக்கு வலை அடித்து, கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியும் ஊதுபத்தியும் பூசையறையோடு நிற்கட்டும், அவர் அறைக்குள் காட்ட வேண்டாம். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் விசிறியைப் போடுங்கள். காற்றின் மாசை நிறத்தால் காட்டும் உணரி விளக்கு உள்ள கருவியைக் கூடத்தில் வைத்துப் பார்த்தால், காய்ந்த மிளகாய் எண்ணெயில் விழுந்த சிறிது நேரத்தில் பச்சை விளக்கு சிவப்பாவதைக் காணலாம். துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். மெத்தையில் வாழும் தூசிப் பூச்சியின் கழிவு கனமானது, விரைவில் படிந்துவிடுவது. அதைக் கருவி பிடிக்காது. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுவதே வழி.

பராமரிப்பில் முதலாவது, பிரித்ததும் செய்ய வேண்டியது. பல கருவிகளில் வடிகட்டி பிளாஸ்டிக் உறையோடு உள்ளே பொருத்தப்பட்டு வருகிறது. பின்மூடியைத் திறந்து அந்த உறையை உரித்தெடுக்காவிட்டால், மாதக்கணக்கில் ஓடினாலும் பயனில்லை. முன்வலையில் முடியும் நூல் பிசிறும் சாம்பல் நிறப் படலமாகப் படியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டி, கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். ஹெப்பா தாளைக் கழுவக் கூடாது. நனைந்தால் இழைகள் கெட்டுவிடும். நெடுஞ்சாலையோர வீடுகளில் அதன் வெள்ளை மடிப்புகள் சில மாதங்களிலேயே கறுக்கத் தொடங்கும், அது பெரும்பாலும் டீசல் கரி. வடிகட்டியை மாற்றச் சொல்லி எரியும் விளக்கு பல கருவிகளில் ஓடிய மணிநேரத்தை மட்டுமே எண்ணுகிறது. ஆகவே மடிப்புகளைக் கண்ணால் பார்த்து முடிவெடுங்கள். உங்கள் இடத்தில் ஆறிலிருந்து பத்து மாதத்தில் மாற்ற வேண்டியிருக்கலாம். கருவியின் விலையோடு அசல் வடிகட்டியின் விலையையும், அது வேலூரிலேயே கிடைக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர்த் தங்கைக்கு நான் தரும் பதில் அவருக்கு ஏமாற்றமளிக்கும். நெடி என்பது வாயு, ஹெப்பா பிடிப்பது துகளை மட்டுமே. தோல் பதனிடும் கழிவிலிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவினுடையது. அதைப் பிடிக்கக் கிலோ கணக்கில் கரி வேண்டும்; வீட்டுக் கருவிகளில் பலவற்றில் இருப்பதோ கரித்தூள் தூவிய மெல்லிய தாள்தான். சில நாட்களில் அது நிறைந்து பயனற்றுப்போகும். அவர் இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். நாற்றம் வரும் நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கட்டும்.

மாமனாரின் மருந்தைப் பற்றியும் ஒரு சொல். கருவி வந்துவிட்டது என்று இன்ஹேலரை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. இத்தகைய கருவிகள் அறையின் நுண்துகளைக் குறைப்பது உறுதி. ஆனால் இருமலும் இழுப்பும் எவ்வளவு குறையும் என்பது ஆளுக்கு ஆள் மாறுபடும். வாங்கிய பின் இரவில் எத்தனை முறை எழுந்தார், அவசர இன்ஹேலரை எத்தனை முறை எடுத்தார் என்று ஒரு மாதம் நோட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூடத்துக்கும் ஒன்று வாங்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் சாலைப்பக்கச் சன்னல்களின் இடுக்கை ரப்பர் பட்டையால் அடைத்து, மீதியை முதல் மாற்று வடிகட்டிக்கு ஒதுக்கிவையுங்கள். அதை மாற்றும் நாளில், நோட்டில் எழுதியதைப் பார்த்துவிட்டு இரண்டாவது கருவியைப் பற்றி முடிவு செய்யலாம்.