கேட் (GATE, எம்.டெக். சேர்க்கைக்கான பொறியியல் தேர்வு) தேர்வில் நேரம் போதாமல் பதறிவிடுகிறேன். எழுதியவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

மெக்கானிக்கல் பிரிவில் இரண்டு முறை எழுதியவன் நான். முதல் முறை பதினேழு கேள்விகளைத் திறந்துகூடப் பார்க்காமல் தேர்வு முடிந்துவிட்டது. வினாத்தாள் வெளியானதும் எடுத்துப் பார்த்தால், அவற்றில் ஐந்தாறு எனக்கு அத்துப்படியானவை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நேரம் எங்கே போனது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். தெரியாத கேள்விகளில் போகவில்லை. அவற்றை அரை நிமிடத்தில் கடந்துவிட்டேன். நேரத்தைத் தின்றது ஒரு ரேங்கின் சைக்கிள் (பாய்லரும் டர்பைனும் வரும் நீராவிச் சுழற்சி) கணக்கு. விடுதியில் மற்றவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த வகைதான். போட்டேன், நான்கு ஆப்ஷனிலும் என் விடை இல்லை. மறுபடி போட்டேன், வேறொரு எண் வந்தது. "எனக்குத் தெரியாததா?" என்ற வீம்பில் மூன்றாவது முறையும் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்தபோது 14 நிமிடம் போயிருந்தது. என்ட்ரோபி மதிப்பில் ஒரு இலக்கத்தைத் தாளில் தப்பாக எழுதிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் விஷயம்.

மொத்தம் 180 நிமிடம், 100 மார்க். ஒரு மார்க்குக்கு 1 நிமிடம் 48 வினாடி விழும். இரண்டு மார்க் கேள்விக்கு மூன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த 14 நிமிடத்தில் நான்கு கேள்விகளின் பங்கு போய்விட்டது. அதைவிட மோசம், அதன் பிறகு வந்த பதற்றம். அடுத்த ஐந்து கேள்விகளைப் படிக்கும்போதும் மனசு அந்த பாய்லரிலேயே கிடந்தது.

இரண்டாம் முறை 65 கேள்விகளையும் முதலில் ஒரு சுற்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். படித்து முடிக்கும்போதே வழி தெரிகிற கேள்வியை மட்டும் போடுவது, மற்றதை ரிவ்யூவுக்கு, அதாவது பிறகு திரும்பிப் பார்க்க, குறித்துவிட்டு நகர்வது. இதற்கு எனக்கு 75 நிமிடம் ஆனது. கேட்டில் எந்தப் பகுதிக்கும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதால்தான் இது நடக்கும். இன்னொரு கேட் (CAT, எம்.பி.ஏ.வுக்கான பொது நுழைவுத் தேர்வு, பெயர்க் குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல) எழுதுகிறவர்களுக்குப் பகுதிக்கு 40 நிமிடம் என்று பூட்டு உண்டு. அவர்களுக்காகச் சொல்லும் யூடியூப் அறிவுரையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு சின்ன விஷயம், எனக்கு யாரும் சொல்லவில்லை. விடையைத் தேர்ந்தெடுத்து, சேமித்து, ரிவ்யூவுக்கும் குறித்திருந்தாலும் அந்த விடை மதிப்பீட்டில் சேரும். இது தெரியாமல் முதல் முறை கடைசி நிமிடங்களில் குறிகளை நீக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கால்குலேட்டர். திரையில் வருவதை மவுஸால்தான் அழுத்த வேண்டும். வீட்டில் கையடக்கக் கால்குலேட்டரில் வேகமாகப் பழகிவிட்டு அங்கே போனால் ஒவ்வொரு எண்ணும் இழுக்கும். டிகிரியா ரேடியனா என்று பார்க்காமல் போட்டால் இன்னொரு சுற்று வேறு. தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே என் பழைய கால்குலேட்டரைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். எனக்குக் கிடைத்தது மதியம் 2:30 முதல் 5:30 வரையிலான வேளை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, தூக்கம் சொக்கும் அதே நேரத்தில் மாதிரித் தேர்வு எழுதினேன்.

ஆப்டிட்யூடை (பொதுத் திறன் பகுதி, 10 கேள்வி, 15 மார்க்) முதலில் போடுவதா, நடுவிலா என்று பெரிய சண்டையே நடக்கும். நான் நடுவில் போட்டேன், என் அறைத்தோழன் அதில்தான் தொடங்கினான். இருவருக்கும் சரியாகவே போனது.

கடைசி பத்து நிமிடத்துக்கு வருகிறேன், நீங்கள் பதறுவதும் அங்கேதான் என்று நினைக்கிறேன். எண்ணை நிரப்பும் கேள்விக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட விடை உள்ள கேள்விக்கும் நெகட்டிவ் மார்க் கிடையாது. அவற்றில் காலியாக எதையும் விடாதீர்கள். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். கண்ணை மூடிக்கொண்டு குத்தினால் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரே ஒரு ஆப்ஷனையாவது நிச்சயமாகத் தவறு என்று அடிக்க முடிந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அந்த நேரத்தைப் பாதியில் நிற்கும் கணக்குக்குக் கொடுங்கள். முதல் முறை நான் பதற்றத்தில் எட்டு கேள்விகளுக்கு மனம்போனபடி குத்தினேன், ஒன்றுதான் சரி.

இரண்டாம் முறையும் எல்லாவற்றையும் போட்டுவிடவில்லை. ஏழு கேள்விகளை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அதில் ஒரு கியர் டிரெயின் கணக்கை எப்படிப் போடுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எம்.டெக். சீட் கிடைத்துவிட்டது, அப்புறம் யார் உட்கார்ந்து பார்ப்பது?