ஐந்து மாத ஜெர்மனி வேலை: மகன் என்.ஆர்.ஐ. ஆவாரா?

கேள்வி: சென்னை சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகனை 2024 ஜூன் 10 முதல் நவம்பர் 20 வரை ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த மாதங்களுக்குச் சம்பளம், வரிப் பிடித்தம் எல்லாம் அங்கேயே. வருமான வரிக் கணக்கு தாக்கலுக்கான 2025 செப்டம்பர் கெடுவைத் தவறவிட்டோம். “என்.ஆர்.ஐ. என்று போட்டால் ரீஃபண்டே வரும், பத்து சதவீதம் கொடுங்கள்” என்று ஜங்ஷன் பக்கம் ஒருவர் மகனுடைய வருமான வரி இணையதள பாஸ்வேர்டை வாங்கியிருக்கிறார். சரிதானா? – வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சரியில்லை அண்ணாச்சி. முதலில் இன்றே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள்.

விசாவைக் காட்டி யாரும் என்.ஆர்.ஐ. ஆக முடியாது. நாட்கணக்குதான். 2024-25 நிதியாண்டில் உங்கள் மகன் 200 நாளுக்கு மேல் இந்தியாவில் இருந்திருக்கிறார். 182 நாள் இருந்தாலே இங்கே குடியிருப்பவர்தான். ஜெர்மனிச் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும்.

அந்த ஆள் அரைகுறையாகக் கேள்விப்பட்டது வேறொரு சலுகை. முந்தைய நாலு வருஷத்தில் மொத்தம் 365 நாள் இங்கே இருந்தவரை, இந்த வருஷம் 60 நாள் இருந்தாலே குடியிருப்பவராக்கும் ஒரு விதி உண்டு. வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியருக்கு, கிளம்பும் வருஷத்தில் மட்டும், அந்த 60 என்பது 182 ஆகும். செப்டம்பர் 28-ல் கிளம்பி மார்ச் 31 வரை வராமலே இருந்தால் இங்கே 181 நாள்தான், தப்பிக்கலாம். நடுவில் தீபாவளிக்கு நாலு நாள் வந்தாலும் போச்சு. நவம்பரிலேயே திரும்பியவருக்கு இது எப்படிப் பொருந்தும்?

இரட்டை வரிக்குப் பயம் வேண்டாம். இரு நாட்டு ஒப்பந்தப்படி அங்கே கட்டியதை இங்கே கழிக்கலாம், அந்தச் சம்பளத்துக்கு இங்கே வரும் வரி அளவுக்கு மட்டும். மிச்சத்தை நம் அரசு தராது.

கழிப்பதற்குப் படிவம் 67 வேண்டும். அதைத் தாமதமாகக் கொடுத்ததற்காகவே கழிவை மறுக்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-லேயே சொல்லிவிட்டது. ஆனால் கணக்குகளைச் சரிபார்க்கும் வருமான வரித் துறையின் பெங்களூரு கம்ப்யூட்டர் தீர்ப்பைப் படிப்பதில்லை. படிவம் இல்லையென்றால் வரி பாக்கி என்று நோட்டீஸ் அனுப்பிவிடும். நேர்மையாகக் கட்டியவரை இப்படி அலைக்கழிப்பது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

2024-25 கணக்கைத் தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்யக் கெடு 2025 டிசம்பர் 31. படிவத்துக்குக் கெடு 2026 மார்ச் 31 என்றாலும் சேர்த்தே கொடுப்பதுதான் நல்லது. அங்கே பேங்க் கணக்கு இருந்தால் அதையும் காட்டணும். 2017-லிருந்தே அந்த விவரங்களை ஜெர்மனி நமக்கு அனுப்புகிறது. வெளிநாட்டு வருமானத்தை மறைத்தது தெரிந்தால் வரிக்கு மேல் அபராதமே வரியைப் போல் மூன்று மடங்கு வரை போகும். பத்து சதவீதக்காரர் அதில் பங்கு போடமாட்டார்.

இன்னொன்று. இந்த மாதிரி ஆட்கள் இணையதளத்தில் தங்கள் போன் நம்பரையும் மெயிலையும் போட்டுவிடுகிறார்கள். நோட்டீஸ் அவர்களுக்குப் போகும், உங்களுக்கு எதுவுமே தெரியாது. மகனுடைய நம்பர்தான் இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.