ஜிம்மை மூடிவிட்டார்கள், ட்ரெட்மில் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஏரியாவில் இருந்த ஒரே ஜிம்மைத் திடீரென்று மூடிவிட்டார்கள். வருடச் சந்தா 12,000 ரூபாய் கட்டி நான்கு மாதம்தான் போயிருக்கிறேன். சும்மா இருந்தால் உடம்பு விட்டுப்போகும் என்று பயமாக இருக்கிறது. ஆன்லைனில் '4 ஹெச்.பி.' ட்ரெட்மில் மாதத் தவணையில் கிடைக்கிறது. வாங்கலாமா? கட்டிய பணம் திரும்ப வருமா?
- வாசகர், ஓசூர்

பதில்: ட்ரெட்மில் இப்போது வேண்டாம். நடப்பதற்கும் ஓடுவதற்கும் மட்டுமே உதவுகிற பொருள் அது, அந்த இரண்டுக்கும் உங்களுக்கு ரோடு இருக்கிறது. அதோடு அந்த '4 ஹெச்.பி.' பெரும்பாலும் 'பீக்' கணக்காக இருக்கும், அதாவது மோட்டார் கொஞ்ச நேரம் எட்டிப் பிடிக்கிற உச்சம். தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு தரும் என்பதுதான் முக்கியம், 'கன்டினியஸ்' என்று விவரப் பட்டியலில் சின்ன எழுத்தில் எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள். வாரன்டியிலும் மோட்டாருக்கு எத்தனை வருடம், போர்டுக்கும் பெல்ட்டுக்கும் எத்தனை வருடம் என்று தனித்தனியாகக் கேளுங்கள், ரிப்பேருக்கு ஓசூருக்கே ஆள் வருவாரா என்பதையும் கேளுங்கள். மழைக்காலத்தில் வெளியே போகவே முடியவில்லை என்கிற நிலை வந்தால் அப்போது யோசிக்கலாம், அதுவும் பழையதாக வாங்குங்கள், அதிகம் ஓடாத மெஷின்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் கொஞ்சம் மூச்சு வாங்குகிற அளவு உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை, இதுதான் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது. முதலாவதற்கு வேகமான நடை போதும், தமிழக அரசே 2023இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டம்தோறும் 8 கி.மீ. நடைபாதை குறித்திருக்கிறது. இரண்டாவதற்குத் தண்டாலும் பஸ்கியும் இருக்கின்றன, காசே செலவில்லை. ஆனால் இவை இரண்டும் நெஞ்சு, கை, தொடையைத்தான் பார்த்துக்கொள்ளும். முதுகுக்கு எதையாவது இழுத்தாக வேண்டும், வெறும் தரையில் அது சரியாக அமையாது, அதனால் நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியது அதற்கான ஒரு பொருளை மட்டும்தான்: கைப்பிடி வைத்த ரெசிஸ்டன்ஸ் ட்யூப், அதாவது இழுத்துப் பயிற்சி செய்கிற ரப்பர் குழாய், கதவில் மாட்டும் பட்டையோடு சேர்ந்தது. வந்ததும் இழுத்துப் பிடித்து, ரப்பர் கைப்பிடியோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், இருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டு வைக்காதீர்கள், சீக்கிரம் இற்றுவிடும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கம் நின்று இழுக்கவே கூடாது, தாழ்ப்பாள் விட்டால் கதவு நேராக முகத்துக்கு வரும்.

அடுத்து பணம். மீதி எட்டு மாதத்துக்கு 8,000 ரூபாயை விடவே விடாதீர்கள். ரசீதில் 'பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று அச்சடித்திருந்தாலும் தயங்க வேண்டாம், காசு வாங்கிய சேவையைத் தராமல் விடுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி சேவைக் குறைபாடு. முதலில் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் எழுதிக் கேளுங்கள், பூட்டிய ஷட்டரைப் போட்டோ எடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: வீட்டுக்கு 20 கிலோ டம்பெல்ஸ் செட் வாங்கப் போகிறேன். விலை மலிவாக இருப்பது பிளாஸ்டிக் தட்டு வைத்தது. பரவாயில்லையா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தத் தட்டுகளுக்குள் இருப்பது பெரும்பாலும் சிமென்ட் கலவைதான். ஒருதடவை கைதவறி விழுந்தால் விளிம்பு வெடிக்கும், அப்புறம் தூக்கும்போதெல்லாம் பொடி கொட்டும். வார்ப்பிரும்புத் தட்டாகவே வாங்குங்கள், கிலோ கணக்கில் விற்பார்கள், வருடக்கணக்கில் கிடக்கும். 20 கிலோவையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம், இரண்டு கம்பியும் பத்து கிலோ தட்டும் வாங்கிவிட்டு, கனம் போதாதபோது சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் கம்பியின் தடிமனைக் குறித்து வையுங்கள், பின்னால் வாங்கும் தட்டின் ஓட்டை அதற்குப் பொருந்த வேண்டும். கடையிலேயே தராசில் வைத்துப் பாருங்கள், இரண்டு தட்டிலும் ஒரே எடை அச்சடித்திருந்தாலும் நிறுத்தால் வித்தியாசம் வரலாம்.